சாட்டனூகாவுக்கு எப்போது வரலாம்? – வாசகர் கேள்விகள்

போன இதழில் போகிறபோக்கில், “இலை நிறம் மாறும்போது எங்கள் ஊர்ப்பக்கம் வாருங்கள்” என்று ஒரு வரி எழுதிவிட்டேன். கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. தெரியாதவர்களுக்கு: எங்கள் ஊர் சாட்டனூகா. டென்னசி மாநிலத்தின் தென்கோடியில், ஜார்ஜியா எல்லையை ஒட்டி, டென்னசி ஆறு வளைந்து நெளிந்து போகிற இடத்தில் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 1,80,000. பெரிய ஊருமில்லை, சின்ன ஊருமில்லை.

கேள்வி: மாமனாரும் மாமியாரும் கும்பகோணத்திலிருந்து வந்திருக்கிறார்கள். நவம்பர் நடுவில் திரும்புகிறார்கள். அக்டோபரில் கொலம்பஸ் தின லீவுக்கு அழைத்துவந்தால் இலை நிறம் பார்த்துவிடலாமா?
– வாசகி, ஆல்ஃபரெட்டா

அது கொஞ்சம் சீக்கிரம். அந்த வாரம் ஸ்மோக்கி மலை உச்சிகளில் நிறம் ஏறியிருக்கும். எங்கள் ஆற்றங்கரையில் மரங்கள் பச்சையாகவே நிற்கும். நிறம் உயரத்தில் தொடங்கிக் கீழே இறங்கி வரும். பள்ளத்தாக்குக்கு வந்துசேர அக்டோபர் கடைசி வாரமாகும், நவம்பர் முதல் வாரம்வரை இருக்கும். ஹிக்கரி மஞ்சளாகும், மேப்பிளும் டாக்வுட்டும் சிவக்கும். ஓக் மரம் கடைசியில் பழுப்பேறி, உதிர்க்க மனசில்லாமல் இலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிருமாகச் சில நாள் அமைந்தால் சிவப்பு தூக்கலாக வரும். ஒரு பெருமழையும் காற்றும் ஒரே ராத்திரியில் அத்தனையையும் கொட்டிவிடும். தேதிக்கு உத்தரவாதம் கேட்காதீர்கள்.

அக்டோபரில் பகல் சராசரி 22, 23 டிகிரி; விடியற்காலையில் பத்துக்கு இறங்கும். காலையில் பெரியவர்களுக்கு ஸ்வெட்டர், மஃப்ளர் எல்லாம் வேண்டும். மதியம் அதையெல்லாம் நீங்கள் சுமப்பீர்கள்.

நவம்பர் முதல் வார இறுதியில் மட்டும் இங்கே ராத்தங்க நினைக்காதீர்கள். ‘ஹெட் ஆஃப் த ஹூச்’ துடுப்புப் படகுப் போட்டி அப்போதுதான். 2005-ல் உங்கள் ஜார்ஜியாவிலிருந்து இங்கே இடம் மாறியது. ஆயிரக்கணக்கில் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் படகும் கையுமாக வந்து இறங்குவார்கள். அறை கிடைக்காது, கிடைத்தாலும் வாடகையை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு உங்கள் மாமனார் காரிலேயே படுத்துக்கொள்கிறேன் என்பார். போட்டியைப் பார்க்க ஆசையென்றால் காலையில் கிளம்பி வந்து மாலையில் திரும்புங்கள், இரண்டு மணி நேரப் பாதைதானே. கரையில் நின்று பார்க்கக் காசு கிடையாது. என்னைக் கேட்டால், அதற்கு முந்தைய வாரத்தில் செவ்வாய், புதன் என்று வாருங்கள். செப்டம்பர் கடைசியில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த அயர்ன்மேன் போட்டி வேறு. அந்த ஞாயிற்றுக்கிழமை பாதிச் சாலைகளில் சைக்கிள்தான் ஓடும்.

கேள்வி: நாஷ்வில் பக்கமிருந்து வருகிறோம். காலை எட்டுக்குக் கிளம்பினால் பத்துக்கு அங்கே இருக்கலாமா?
– வாசகர், ஃப்ராங்க்ளின்

பத்துக்கு வருவீர்கள், உங்கள் கடிகாரப்படி. எங்கள் கடிகாரத்தில் மணி பதினொன்று. நீங்கள் மத்திய நேரம், நாங்கள் கிழக்கு நேரம். மதியச் சாப்பாட்டுக்கு டேபிள் சொல்லிவைத்துவிட்டு, ஒரு மணி தாமதமாக வந்து நிற்கிற நாஷ்வில் நண்பர்கள் எங்களுக்கு நிறைய. திரும்பும்போது அந்த ஒரு மணி கைக்கு வந்துவிடும். ஐ-24 நெடுஞ்சாலையில் மாண்ட்ஈகிள் மலை இறக்கத்தில் லாரிகளோடு போட்டி போடாதீர்கள். அது தாண்டி நிக்கஜாக் ஏரியை ரோடு கடக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் மலை, நடுவில் தண்ணீர். வண்டி ஓட்டுகிறவரைத் தவிர எல்லோரும் பாருங்கள்.

கேள்வி: சாட்டனூகா என்றாலே ரயில் பாட்டுதானே! மகன் அட்லாண்டாவில் இருக்கிறான். அங்கிருந்து ரயிலில் வந்தால் பொருத்தமாக இருக்குமே?
– வாசகர், சென்னை

பொருத்தம்தான், ரயில்தான் இல்லை. ‘சாட்டனூகா சூ சூ’ என்ற அந்தப் பாட்டு வந்தது 1941-ல். டெர்மினல் ஸ்டேஷனிலிருந்து கடைசிப் பயணி ரயில் போனது 1970-ல். 1909-ல் கட்டிய அந்த ஸ்டேஷன் அப்படியே நிற்கிறது. உள்ளே போய் விதானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வரலாம். ரயிலில் உட்கார்ந்தே தீரவேண்டுமென்றால் டென்னசி வேலி ரயில்ரோடு மியூசியத்துக்குப் போங்கள். பழைய பெட்டிகளில் ஏற்றி, 1858-ல் வெட்டிய மிஷனரி ரிட்ஜ் சுரங்கத்துக்குள் அழைத்துப்போவார்கள். சுரங்கம் 986 அடிதான், சட்டென்று முடிந்துவிடும். அந்தக் கோடியில் இறங்கியதும் பிள்ளைகளை முன்னால் நிறுத்துங்கள். முழு எஞ்சினையும் ஒரு வட்டமேடையில் ஏற்றி, மெதுவாகச் சுற்றித் திருப்புவார்கள். எனக்கு அதுதான் மொத்தப் பயணத்திலும் பிடித்தது.

கேள்வி: லுக்அவுட் மவுண்டனில் ராக் சிட்டி, ரூபி ஃபால்ஸ், இன்க்லைன் ரயில் மூன்றுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கலாமா? அப்பாவுக்கு முழங்கால் வலி.
– வாசகி, ராலே

மூன்றும் எதற்கு? முழங்கால் வலிக்காரரை வைத்துக்கொண்டு ஒரே நாளில் மூன்றையும் முடிப்பது தண்டனை.

ரூபி ஃபால்ஸ் மலைக்குள் இருக்கிற அருவி, 145 அடி. 1928-ல் லியோ லாம்பர்ட் என்பவர் வேறொரு குகைக்கு லிஃப்ட் போட மலையைக் குடையும்போது அகப்பட்டது. மனைவி பெயரை வைத்தார். குறுகலான பாதையில் வரிசையாக நடக்கவேண்டும், வழியில் உட்கார முடியாது. அருவிக்குப் போனால் இருட்டில் நிறுத்தி, பிறகு இசை போட்டு வண்ண விளக்கு அடிப்பார்கள். பூமிக்குள் அவ்வளவு உயரத்திலிருந்து தண்ணீர் விழுவதே அதிசயம், அதற்கு எதற்கு ரோஸ் கலர்?

ராக் சிட்டி 1932-ல் திறந்தது. பாறை இடுக்குகள், தொங்குபாலம், ஆங்காங்கே குள்ளர் பொம்மைகள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், அப்பாவுக்குப் படிகள். ஏழு மாநிலங்கள் தெரியும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நான் நம்புகிறவளில்லை.

இன்க்லைன் 1895-லிருந்து ஓடுகிறது. உச்சிக்குக் கிட்டத்தில் ஏற்றம் 72.7 சதவீதம், ஜன்னலில் பார்த்தால் மரங்களெல்லாம் சாய்ந்து நிற்பதுபோலத் தெரியும். அப்பாவை இதில் ஏற்றுங்கள். ஓடுகிறதா என்று முந்தின நாள் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் பாயிண்ட் பார்க். அதற்குத்தான் உங்களை மலைக்கே அனுப்புகிறேன். ஆறு ‘மொக்கசின் பெண்ட்’ என்ற இடத்தில் திரும்பி வருவது அங்கிருந்து முழுசாகத் தெரியும். மூன்று பக்கமும் ஆறு சூழ்ந்த அந்த நிலத்தைப் பார்த்ததும், உள்நாட்டுப் போரில் இரண்டு படைகளும் இந்த ஊருக்காக ஏன் அப்படி அடித்துக்கொண்டன என்பது விளங்கிவிடும். 1863 நவம்பர் 24 அன்று இந்தச் சரிவில் மூடுபனிக்குள் சண்டை நடந்தது. மறுநாள் எதிரே தெரிகிற மிஷனரி ரிட்ஜ் என்ற மலைமுகடும் வடக்குப் படையிடம் விழுந்தது. பார்க்குக்குள்ளேயே அடால்ஃப் ஓக்ஸ் பெயரில் சின்ன மியூசியம் இருக்கிறது. இருபது வயதில் இந்த ஊர்ப் பத்திரிகையை வாங்கி நடத்தியவர். பிறகு 1896-ல் நியூயார்க் டைம்ஸையும் வாங்கினார்.

கேள்வி: நாங்கள் சைவம். தெற்கத்திச் சாப்பாட்டில் எங்களுக்கு என்ன கிடைக்கும்?
– வாசகர், பியர்லண்ட், டெக்சஸ்

இந்தப் பக்கத்து உணவகங்களில் ‘மீட் அண்ட் த்ரீ’ என்று ஒரு தட்டு: ஒரு கறி, மூன்று காய். கறியை விட்டுவிட்டு ‘வெஜிடபிள் ப்ளேட்’ என்று நான்கு காய் கேட்கலாம். வெண்டைக்காயைச் சோளமாவில் புரட்டிப் பொரித்திருப்பார்கள், அது நம்ம வாய்க்கு ஏற்றது. ஆனால் காலர்ட் கீரையிலும் பீன்ஸிலும் வாசனைக்குப் பன்றி இறைச்சித் துண்டு போட்டிருப்பது சர்வசாதாரணம். கார்ன்பிரெட்டில்கூடக் கொழுப்பு சேர்ந்திருக்கலாம். தட்டு வருமுன் ஒவ்வொன்றையும் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மெனுவில் ‘வெஜிடபிள்’ பட்டியலில் மக்ரோனி சீஸ் இருக்கும். எந்தத் தோட்டத்தில் விளைகிறது என்று நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஊர்ப் பெருமைக்கு மூன்பை என்ற பிஸ்கட், 1917-லிருந்து இங்கேதான் செய்கிறார்கள். நடுவில் இருப்பது மார்ஷ்மெல்லோ, அதில் ஜெலட்டின் உண்டு. சைவத்தில் கறாரானவர் என்றால் வேண்டாம்.

கேள்வி: உங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் வால்நட் ஸ்ட்ரீட் பாலத்தைப் பற்றியே பேசுகிறார்கள். ஒரு பழைய இரும்புப் பாலத்தில் நடப்பதில் என்ன இருக்கிறது?
– வாசகர், சார்லட்

நடப்பதுதான் இருக்கிறது. 2,376 அடி நீளம், மரப்பலகைத் தளம், வண்டி வாகனம் கிடையாது. மாலையில் நாயோடு வருகிறவர்கள், குழந்தை வண்டி தள்ளுகிறவர்கள், மோதிரம் மாற்றிக்கொள்கிறவர்கள் என்று ஊரே மேலே இருக்கும். 1891-ல் திறந்த பாலம். பலவீனமாகிவிட்டது என்று 1978-ல் வண்டிகளை நிறுத்தினார்கள். இடித்துவிடலாம் என்ற பேச்சை ஊர்க்காரர்கள் மறுத்து, பணம் திரட்டி, 1993-ல் நடைபாலமாகத் திறந்தார்கள். 1969-ல் நாட்டிலேயே காற்று மிக மோசமான நகரம் என்று மத்திய அரசிடம் பட்டம் வாங்கிய ஊர் இது. ஆற்றங்கரைக்கு மனிதர்கள் திரும்பி வந்ததில் இந்தப் பாலத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் நடப்பதற்கு முன் தென்கரையில், பாலம் தொடங்குமிடத்தில் மூன்று வெண்கல உருவங்களின் முன் நில்லுங்கள். எட் ஜான்சன், அவருக்காக வாதாடிய நோவா பார்டன், ஸ்டைல்ஸ் ஹட்சின்ஸ். மூவரும் கறுப்பர்கள். 1906-ல் ஜான்சனுக்கு நம்பமுடியாத சாட்சியத்தின்பேரில் மரண தண்டனை விதித்தார்கள். வழக்கறிஞர்கள் வாஷிங்டன் வரை போய் உச்சநீதிமன்றத்தில் தடை வாங்கினார்கள். தடை வந்த சேதி தெரிந்ததும், மார்ச் 19 இரவு, ஒரு கும்பல் ஜெயிலை உடைத்து அவரை இழுத்துவந்து இதே பாலத்தில் தூக்கிலிட்டது. காவலைக் கைவிட்ட ஷெரிஃப்பை உச்சநீதிமன்றமே விசாரித்து 1909-ல் குற்றவாளி என்றது. அந்த நீதிமன்றம் தன் வரலாற்றிலேயே நடத்திய ஒரே குற்ற விசாரணை அது. ஷெரிஃப்புக்குக் கிடைத்தது தொண்ணூறு நாள் சிறை, ஊர் திரும்பியபோது வரவேற்பு. வழக்கறிஞர்கள் ஊரைவிட்டே போகவேண்டியதாயிற்று. ஜான்சன் மீதான தீர்ப்பு ரத்தானது 2000-ல், நினைவிடம் வந்தது 2021-ல். செல்ஃபி எடுக்கிற அவசரத்தில் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உங்கள் பிள்ளைகள் படிக்கிற வயதென்றால், கல்வெட்டை அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள்.

பராமரிப்புக்காகப் பாலத்தை மூடுவதும் உண்டு, கிளம்புமுன் பாருங்கள். மூடியிருந்தால் பக்கத்திலேயே 1917-ல் கட்டிய மார்க்கெட் ஸ்ட்ரீட் பாலத்தில் நடைபாதை இருக்கிறது.

கேள்வி: ஒரே ஒரு நாள்தான். ஐந்து வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகள். எதை விடலாம்?
– வாசகி, பர்மிங்ஹாம்

மலையை விடுங்கள். காலையில் திறந்ததும் அக்வேரியம். ‘ரிவர் ஜர்னி’ கட்டிடத்தில் முதலில் உச்சிக்குப் போய், மலையோடையில் தொடங்கி, ஆறு இறங்குகிற வழியிலேயே கடல்வரை இறங்கி வரலாம். வெளியே வந்தால் பக்கத்திலேயே ராஸ்ஸஸ் லேண்டிங். 1838-ல் செரோக்கி என்ற பூர்வகுடி மக்களை வீட்டைவிட்டுத் துரத்தி, படகுகளில் ஏற்றி மேற்கே அனுப்பிய துறைகளில் ஒன்று. இன்று அங்கே தண்ணீர் வழியும் படிக்கட்டும், செரோக்கி கலைஞர்கள் செய்த ஏழு பெரிய பீங்கான் வட்டுகளும் இருக்கின்றன. ஒன்பது வயதுக்குக் கதை சொல்லுங்கள், ஐந்து வயது படியில் ஏறி இறங்கட்டும். சாப்பிட்டுவிட்டு ஆற்றைக் கடந்து கூலிட்ஜ் பார்க். அங்கே 1894-ல் செய்த குதிரை ராட்டினம் இருக்கிறது, கட்டணம் சொற்பம். ஒரு சுற்றோடு இறங்க மாட்டார்கள். நாலரை மணிக்குள் வண்டியை எடுத்தால் ஊருக்குள் மாலை நெரிசலில் மாட்டாமல் தப்பலாம். பர்மிங்ஹாம் மத்திய நேரம் என்பதால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பீர்கள்.