வேட்பாளரிடம் எதைப் பார்ப்பது? ஜெராக்ஸ் கடையில் இருந்து ஒரு பதில்

"ஓட்டுப் போடும்போது ஆளைப் பார்ப்பதா, கட்சியைப் பார்ப்பதா? ஆளைப் பார்ப்பதென்றால் அவரிடம் எதைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

முதல் பாதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் கட்சியைப் பார்க்காமல் முடியாது. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா உத்தரவை மீறி அவையில் ஓட்டுப் போட்டால் பதவிக்கே ஆபத்து. தங்கமான மனுஷனாக இருந்தாலும் கட்சி கையைத் தூக்கச் சொன்னால் தூக்கியாக வேண்டும். ஊராட்சித் தலைவர் தேர்தல் அப்படியில்லை. அங்கே கட்சிச் சின்னமே கிடையாது, பூட்டு சாவியும் ஆட்டோவும்தான். ஆளைத் தவிர பார்க்க வேறொன்றும் இல்லை.

இரண்டாம் பாதிக்கு என்னிடம் கொஞ்சம் சரக்கு உண்டு. தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். மனு தாக்கல் நடக்கும் வாரத்தில் எனக்குத் தீபாவளி. மேடையில் கர்ஜித்தவர்கள் எல்லாம் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இதுல என்ன தம்பி போடறது?" என்று கேட்பார்கள். அவர்கள் கையில் இருப்பது படிவம் 26 எனப்படும் பிரமாணப் பத்திரம், அதாவது வேட்பாளர் தன் சொத்து, கடன், வழக்கு விவரங்களை உறுதிமொழியோடு எழுதித் தரும் தாள். நான் சொல்லப்போவது அதைப் பற்றித்தான். வாக்குறுதியை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். இந்தத் தாளில் மட்டும்தான் அவர் பொய் சொன்னால் ஆறு மாதம் வரை சிறை என்று சட்டம் இருக்கிறது.

2021 சட்டமன்றத் தேர்தலின்போது ஒரு சுயேச்சை வந்தார். மனைவியின் நகை எத்தனை பவுன் என்று எழுத வேண்டிய இடத்தில் மாட்டிக்கொண்டார். அங்கிருந்தே வீட்டுக்குப் போன் போட்டார். எதிர்முனையில் என்ன பதில் வந்ததோ தெரியாது, "அதுல அடகுல இருக்குறது போக எவ்வளவு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அடகில் இருப்பதும் கணக்கில் வர வேண்டும், வாங்கிய கடனைக் கடன் பகுதியில் காட்டலாம் என்று நான் சொன்னதும் முகம் தெளிந்தது. அன்று அவர் சொன்ன கணக்கை நான் நம்பினேன். சரியாகச் சொல்ல வேண்டுமே என்று தடுமாறியவர் அவர். இன்னொருவர் வந்து, "எல்லாத்துக்கும் இல்லைன்னு அடிச்சு விடு தம்பி" என்றார். கட்டங்களைக் காலியாக விட்டால் மனுவைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் "இல்லை" என்ற சொல்லுக்கு எங்கள் கடையில் ரொம்ப மவுசு.

சரி, அந்தத் தாளை எப்படிப் படிப்பது? சொத்தின் மொத்த மதிப்பைப் பார்த்து வாய் பிளப்பதோ உச்சுக்கொட்டுவதோ வேண்டாம். இன்றைய சந்தை மதிப்பை எழுதச் சொன்னால், பலர் அரசாங்க வழிகாட்டி மதிப்பை எழுதிவிட்டுப் போகிறார்கள். தொகை ஏமாற்றும். நான் பார்ப்பது நிலத்தின் பரப்பளவையும் வாங்கிய தேதியையும். பரம்பரைச் சொத்தா, சொந்தமாக வாங்கியதா, எப்போது வாங்கியது, அப்போது என்ன விலை என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள். ஏற்கெனவே பதவியில் இருந்தவர் என்றால் போன தேர்தலின் பத்திரத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கும். அந்த ஐந்து வருஷத்துக்குள் வாங்கிய தேதிகள் எத்தனை, கடைசி ஐந்து வருஷ வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானத்துக்கு அவை கட்டுப்படியாகுமா என்று பாருங்கள். அவர் பேரில் மட்டும் பார்க்காதீர்கள். மனைவி அல்லது கணவர், அவர்களை நம்பி இருப்பவர்கள் என்று தனித்தனி நிரல் இருக்கிறது. அங்கேதான் சுவாரசியம்.

வழக்குகள் பகுதியில் கொஞ்சம் நிதானம் வேண்டும். "இவர் மீது பன்னிரண்டு வழக்கு" என்று வாட்ஸ்அப்பில் வரும். எடுத்துப் பார்த்தால் பன்னிரண்டும் மறியல், அனுமதி இல்லாத ஆர்ப்பாட்டம், தடையை மீறிக் கூடியது என்று இருக்கும். தமிழ்நாட்டில் தெருவில் இறங்கிக் குரல் கொடுத்தவர் மேல் அப்படி ஒரு வழக்குகூட இல்லை என்றால்தான் ஆச்சரியம். அதே தாளில் மோசடி, நிலப் பறிப்பு, கொலை முயற்சி என்று ஒன்றே ஒன்று இருந்தாலும் அது வேறு கதை. எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பிரிவைப் படியுங்கள். 2024 ஜூலைக்குப் பிறகு பதிவான வழக்குகளில் பிரிவு எண்கள் மாறிவிட்டன என்பதையும் நினைவில் வையுங்கள்; ஊரே மனப்பாடமாக வைத்திருக்கும் 420 இப்போது 318. வழக்கு இருப்பவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சி எழுதி வெளியிட வேண்டும், ஜெயிப்பார் என்பது மட்டும் காரணமாகாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. அந்த விளக்கங்களை ஒருமுறை தேடிப் படியுங்கள். ஒரே கையெழுத்தில் பத்துப் பேருக்கு லீவ் லெட்டர் எழுதின மாதிரி இருக்கும்.

அப்புறம் காசு. எங்கள் தெருவுக்கும் கவர் வந்தது, எங்கள் வீட்டுக்கும் வந்தது, அம்மா வாங்கி அரிசிப் பானையில் வைத்தாள். நான் யாருக்கும் உபதேசம் செய்கிற நிலையில் இல்லை. கூட்டல் மட்டும் போட்டுப் பார்க்கிறேன். சட்டமன்ற வேட்பாளர் சட்டப்படி செலவு செய்ய உச்சவரம்பு 40 லட்சம். எம்.எல்.ஏ.வின் மாதச் சம்பளம், படிகள் எல்லாம் சேர்த்து 2017-ல் 1,05,000 ரூபாய் ஆக்கினார்கள். அந்தக் கணக்கில் ஐந்து வருஷத்துக்கு 63 லட்சம். ஒரு தொகுதியில் இரண்டு லட்சம் வாக்காளர்கள், ஆளுக்கு ஐநூறு என்று வைத்தால்கூடப் பத்துக் கோடி. 63 லட்சம் சம்பளத்துக்குப் பத்துக் கோடி முதல் போடுபவர் எந்த வரவை நம்பிப் போடுகிறார்? பணப் பட்டுவாடா காரணமாகவே 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-ல் ஆர்.கே. நகரிலும், 2019-ல் வேலூரிலும் வாக்குப்பதிவு குறித்த நாளில் நடக்காமல் போனதை எல்லாரும் பார்த்தோம்.

அவர் சொல்வது அந்தப் பதவியில் இருந்து செய்யக்கூடியதா என்றும் பாருங்கள். எம்.எல்.ஏ.வுக்கு நிற்பவர் தெருவிளக்குப் போடுவேன் என்பார், ஊராட்சித் தலைவருக்கு நிற்பவர் மருத்துவக் கல்லூரி கொண்டுவருவேன் என்பார். நாமும் இருவருக்கும் கை தட்டுவோம். தொகுதி மேம்பாட்டு நிதி என்று எம்.எல்.ஏ.வுக்கு ஆண்டுக்கு 3 கோடி உண்டு, உண்மைதான். ஆனால் அந்தப் பணம் அவர் கைக்கு வராது. அவர் வேலையைப் பரிந்துரைப்பார், நிர்வாகம் செய்யும். பழைய எம்.எல்.ஏ. மறுபடி ஓட்டுக் கேட்டு வந்தால், அந்த நிதியில் நம் ஊருக்கு எது வந்தது, எந்த வருஷம் என்று கேளுங்கள். பதில் சொல்கிறாரா, பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்க்கிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லாத மேடை கிடையாது. முதலாம் பராந்தகன் காலத்து, பத்தாம் நூற்றாண்டுக் குடவோலை முறை. பெருமைதான், ஆனால் அதை இன்றைய ஜனநாயகத்தோடு ஒப்பிடுவது எனக்கு ஒப்பவில்லை. வரி கட்டும் நிலம் வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும் என்றெல்லாம் விதி. என் பாட்டனாரை அந்த மண்டபத்துப் பக்கமே விட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் அதில் ஒரு விதியை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடக்கூடாது.

நான் தேடுவதும் அதைத்தான். பெரிய நேர்மையாளரை அல்ல, கணக்குச் சொல்லிப் பழகியவரை. பதவி வந்த பிறகு அந்தப் பழக்கம் வருவதில்லை. சங்கம், கோயில் கமிட்டி, பள்ளி மேலாண்மைக் குழு, மகளிர் குழு என்று முன்பு எதிலாவது பொதுப் பணத்தைத் தொட்டிருந்தால், அங்கே நோட்டு எப்படி இருந்தது என்று விசாரித்தால் போதும்.

2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல். பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கிய பிறகு நடந்த முதல் தேர்தல் அது. தலைவர் பதவிக்கு மனுப் போட ஒரு கணவர் வந்து, எல்லாவற்றையும் தானே சொல்லித் தானே கையெழுத்தும் போடப் பார்த்தார். "கையெழுத்து அவங்கதான் போடணும்ணே" என்றேன். "நான் வேற அவ வேறயா?" என்றார். அந்த அம்மா வாசலில் நின்ற வண்டியில் சாய்ந்துகொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் இன்னொரு பெண் தனியாக வந்தார். நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தவர், வருகைப் பதிவேடு எழுதிய கை. நான் டைப் அடிக்க அடிக்க எழுத்துப் பிழை பார்த்தார். சும்மா பேச்சுக் கொடுக்க, "ஜெயிச்சா என்ன பண்ணுவீங்க?" என்றேன். வாக்குறுதி ஒன்றும் சொல்லவில்லை. "நாலு டேங்க் இருக்குண்ணே. ரெண்டுலதான் தண்ணி ஏறுது. மோட்டார் ரிப்பேருன்னு வருஷா வருஷம் பில்லு எழுதுறாங்க. கிராம சபையில கேட்டேன், மைக்கை ஆஃப் பண்ணிட்டாங்க" என்றார். எந்த மோட்டார், எந்த மாதம் என்று ஒரு சீட்டில் குறித்துக் கைப்பையிலும் வைத்திருந்தார்.

தோற்றுவிட்டார். என் ஓட்டு வேறு ஊராட்சியில், அதனால் நானும் உதவ முடியவில்லை.

ஜனவரி கடைசியில் மறுபடி கடைக்கு வந்தார். ஜெயித்தாலும் தோற்றாலும் முப்பது நாளைக்குள் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும். தோற்றவர்கள் பலர் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. தலைவர் பதவிக்கு அப்போது உச்சவரம்பு 34,000 ரூபாய். இவர் நோட்டில் அதில் பாதிகூட இல்லை. நோட்டீஸ் அச்சடித்தது, ஆட்டோ வாடகை, டீக்கடைச் சீட்டு இரண்டு, எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டி வரிசை எண் போட்டிருந்தார். பன்னிரண்டு பக்கம். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டு, "காசு வேண்டாம், வச்சுக்குங்க" என்றேன்.

"அதெல்லாம் வேண்டாம்ண்ணே. ஒரு பில்லு போட்டுக் கொடுங்க, பதின்மூணாவது பக்கமா ஒட்டணும்" என்றார்.