உப்புக்கறைக்குப் புளிப்பு, பிசுக்குக்குச் சோப்பு: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். குழாய், ஷவர், பக்கெட் எல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிட்டது. சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. (வாசகி, திருப்பூர்)

பதில்: சோப்புத்தூளுக்கு அது மசியாது. படிந்திருப்பது சுண்ணாம்பு, புளிப்பு பட்டால்தான் கரையும். எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் விற்கிற சிட்ரிக் ஆசிட்டை வாங்குங்கள். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 2 மேஜைக்கரண்டி போட்டுக் கரையுங்கள். பழைய துணியை அதில் முக்கிக் குழாயில் சுற்றுங்கள். காயாமலிருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் கவரையும் சுற்றி விடுங்கள். துணி காய்ந்தால் வேலை அதோடு நின்றுவிடும்; பலருக்கும் பலன் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். அரை மணி கழித்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவி, துடைத்துவிடுங்கள். பளபளக்கும் பூச்சுள்ள குழாயில் அதற்கு மேல் விட வேண்டாம், பூச்சு மங்கும்.

ஷவருக்கு அதே கரைசலை ஒரு பையில் ஊற்றி, ஷவர் முகம் முங்கும்படி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டலாம். குழாயில் தண்ணீர் பிய்ந்து பிய்ந்து வருகிறதா? முனையைத் திருகிக் கழற்றினால் உள்ளே சின்னச் சல்லடை இருக்கும். அதை ஒரு டம்ளர் கரைசலில் ஊறப்போடுங்கள். எலெக்ட்ரிக் கெட்டிலுக்கு அரை லிட்டர் தண்ணீர், 1 டீஸ்பூன் எலுமிச்சை உப்பு. கொதிக்கவிட்டு அணைத்து, 20 நிமிடம் கழித்துக் கொட்டுங்கள். பிறகு ஒருமுறை வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

இரண்டு எச்சரிக்கை. மார்பிள், மொசைக் தரையில் இந்தக் கரைசல் சிந்தக் கூடாது. மார்பிளும் சுண்ணாம்புக் கல்தான். பட்ட இடம் அரித்து மங்கிவிடும், திரும்பப் பாலிஷ்தான் போட வேண்டும். அடுத்தது, பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் எந்தப் புளிப்பையும் ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். சின்ன பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

கேள்வி: சமையல் சோடாவும் வினிகரும் கலந்து ஊற்றினால் சிங்க் நாற்றம் போகும் என்கிறார்களே? (வாசகர், மதுரை)

பதில்: நுரைக்கிறதைப் பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். சோடா காரம் (மிளகாய்க் காரம் இல்லை; சோப்பு, சுண்ணாம்பு மாதிரி புளிப்பை முறிப்பது), வினிகர் புளிப்பு; இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்ட பிறகு மிச்சம் பெரும்பாலும் வெறும் உப்புத் தண்ணீர்.

நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். சிங்க்குக்கு அடியில் குனிந்து, வளைகிற பிளாஸ்டிக் குழாய் தரை ஓட்டையில் நுழையும் இடத்தைக் கவனியுங்கள். பல வீடுகளில் சுற்றிலும் விரல் அகலத்துக்கு இடைவெளி இருக்கும். சாக்கடைக் காற்றும் கரப்பானும் வருவது அந்த வழியாகத்தான். ரப்பர் வளையமோ எம்-சீலோ வைத்து அடைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அங்கே சரியாக இருந்தால், சிங்க்குக்குக் கீழே கிண்ணம்போல ஒரு பகுதி இருக்கிறதா பாருங்கள். அடியில் பக்கெட் வைத்துவிட்டுக் கையால் திருகிக் கழற்றிக் கழுவுங்கள். எண்ணெயும் மாவும் கட்டியாகப் படிந்திருக்கும். பாத்திரம் கழுவும் லிக்விடும் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரும் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்டிக் குழாய் இளகி, மூட்டு கசியும்.

புழங்காத பாத்ரூமில் நாற்றம் அடித்தால் காரணம் வேறு. ஜாலிக்குக் கீழே தேங்கி நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும். வாரம் ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள்.

கேள்வி: வெள்ளை வேட்டியில் சாம்பார் கொட்டிவிட்டது. சோப்பு போட்டதும் மஞ்சள் கறை சிவப்பாகிவிட்டது. துணி போச்சா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: போகவில்லை. மஞ்சளின் நிறம் சோப்பில் இருக்கிற காரம் பட்டால் சிவக்கும். குங்குமம் செய்யும்போது மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ப்பதும் அதனால்தான். நன்றாக அலசினால் சிவப்பு போய் மறுபடி மஞ்சளாகும். முதலில் பருப்பை ஸ்பூனால் வழித்தெடுங்கள், தேய்க்க வேண்டாம். பாத்திரம் கழுவும் லிக்விடைச் சில சொட்டு விட்டு, சாம்பாரில் இருந்த எண்ணெயை எடுத்துவிடுங்கள். பிறகு வழக்கம்போல் சோப்புப் போட்டு அலசி, ஈரத்தோடு உச்சி வெயிலில் கறை மேலே தெரியும்படி காயப்போடுங்கள். மஞ்சள் நிறம் வெயிலில் தானாக வெளிறும். மிச்சம் இருந்தால் மறுநாளும் நனைத்துப் போடுங்கள். கறை போகும்வரை இஸ்திரி போடக் கூடாது. சாயத் துணியாக இருந்தால் அதன் சாயமும் வெயிலில் வெளுக்கும், கவனம்.

கேள்வி: அலுமினிய குக்கரின் உள்பக்கம் கறுத்துவிட்டது. சோடா போட்டுக் கொதிக்கவைத்தேன், இன்னும் கறுத்தது. (வாசகி, சேலம்)

பதில்: கறுக்கத்தான் செய்யும். காரம் அலுமினியத்தை அரிக்கும். அடிப்பிடித்த எவர்சில்வர் பாத்திரத்துக்குச் சோடா சரி. அலுமினியத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். கறுப்பு எதுவரை இருக்கிறதோ அதுவரை தண்ணீர் ஊற்றி, நெல்லிக்காய் அளவு புளி அல்லது பிழிந்த எலுமிச்சைத் தோல் நாலைந்து போட்டு 15 நிமிடம் கொதிக்கவிடுங்கள். மூடி போட வேண்டாம். இட்லி அவிக்கும்போதும், உள்ளே பாத்திரம் வைத்துச் சோறு வடிக்கும்போதும் அடித் தண்ணீரில் துளி புளி போட்டுவந்தால் அவ்வளவாகக் கறுக்காது.

கேள்வி: அரிசியில் வண்டு. வெயிலில் காயவைத்தும் திரும்ப வருகிறது. (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: வெயிலுக்கு ஓடுவது வளர்ந்த வண்டுதான். முட்டை அரிசிமணிக்கு உள்ளே இருப்பதால் அது தப்பித்துவிடும். கடும் வெயிலில் அரிசி வெடித்து நொய்யாவதுதான் மிச்சம். 2, 3 கிலோவாகக் கட்டி ஃப்ரீஸரில் 4 நாள் வையுங்கள், முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் கட்டைப் பிரிக்காதீர்கள். குளிர் விடும்வரை மூடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் புது வண்டை ஓரளவு தடுக்கும், உள்ளே இருப்பதைக் கொல்லாது. வேப்பிலை சருகாகக் காய்ந்திருக்க வேண்டும். துவரம் பருப்புக்கு விளக்கெண்ணெய் நல்லது: கிலோவுக்கு 1 டீஸ்பூன் ஊற்றிக் கையால் பிசறி வைத்து, சமைக்கும்போது கழுவிக்கொள்ளுங்கள். அந்துருண்டை மட்டும் வேண்டவே வேண்டாம், அது விஷம்.

கேள்வி: பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் சிவந்து போகிறதே? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: புளியைப் பூசி ஊறவிட்டிருப்பீர்கள். ரொம்ப நேரம் இருந்தால் பித்தளையின் துத்தநாகம் கரைந்து, செம்பு நிறம் மேலே தெரியும். புளியும் உப்பும் தொட்டுத் தேய்த்ததுமே கழுவி, துணியால் சொட்டு ஈரம் இல்லாமல் துடையுங்கள். ஏற்கெனவே சிவந்த இடத்தைச் சலித்த விபூதி தொட்டு ஈரத் துணியால் தேய்த்தால் கொஞ்சம் கொஞ்சமாக மாறும்.