கூரை ஷீட்டும் மூச்சிரைப்பும்: வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. 25 வருஷம் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அறுத்துப் போட்டவர். வேலையை விட்டுப் பத்து வருஷமாகிறது. இப்போது மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது, வறட்டு இருமல். ஆஸ்துமா என்று கொடுத்த இன்ஹேலர் கேட்கவில்லை. இத்தனை காலம் கழித்தும் அந்தத் தூசியால் நோய் வருமா டாக்டர்?
– வாசகி, ஊட்டி

பதில்: வரும். ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் உள்ள நுண்ணிய இழைகள் நுரையீரலின் அடிப்பகுதியில் தங்கிச் சுற்றிலும் தழும்பு கட்ட வைக்கும். பெரும்பாலும் 20 வருஷத்துக்குப் பிறகுதான் தெரியவரும். இதுதான் ஆஸ்பெஸ்டோசிஸ். ஆஸ்துமாவில் சுருங்கிய குழாயை இன்ஹேலர் விரிக்கும். இங்கே நுரையீரலே விறைத்துக் கிடக்கிறது, அது எதை விரிக்கும்?

நெஞ்சு மருத்துவரிடம் ஒரு தாளோடு போங்கள்: எந்த வருஷம் முதல் எதுவரை வேலை, ஷீட்டை எதால் அறுத்தார், பீடி உண்டா. தழும்பு பல காரணங்களால் வரும். இந்தத் தாள் இல்லாமல் ஸ்கேனை மட்டும் பார்த்துக் காரணம் சொல்வது கடினம். ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதி மூச்சின் அளவைப் பார்ப்பது), எச்ஆர்சிடி (நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் சிடி) ஸ்கேன் இரண்டும் தேவை. ஸ்கேனைக் குப்புறப் படுக்கவைத்தும் எடுக்கச் சொல்லுங்கள். மல்லாந்து படுத்தால் முதுகுப்புறம் விழும் நிழல் தழும்பு போலவே காட்டும். காசநோய்க்குச் சளிப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். நல்ல உடம்புக்காரருக்கே ஆக்சிமீட்டரில் ரத்த ஆக்சிஜன் அளவு கொஞ்சம் குறைவாக இருக்கும். நடக்கவிட்டு அந்த அளவு எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பதே முக்கியம்.

தழும்பு கரையாது. பீடி பழக்கம் இருந்தால் நிறுத்தியே ஆகவேண்டும். இழையும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு. ஃப்ளூ ஊசி வருஷாவருஷம் போடுங்கள். நிமோனியா தடுப்பூசியும் மருத்துவர் சொல்கிறபடி போடுங்கள். ஒருபக்க நெஞ்சுவலி, சளியில் ரத்தம், எடை குறைதல் என்றால் தள்ளிப்போடாதீர்கள். நுரையீரல் உறையில் வரும் மீசோதெலியோமா என்ற புற்றுநோய் 30, 40 வருஷம் கழித்தும் தலைகாட்டும்.

கேள்வி: எங்கள் ஷீட் கூரை முழுக்கப் பாசி. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து பெயிண்ட் அடிக்கலாமா?
– வாசகர், குன்னூர்

பதில்: தேய்க்காதீர்கள். உடையாத ஷீட்டின் கீழ் குடியிருப்பதில் பெரிய பயமில்லை. தேய்க்கும்போதுதான் சிமெண்ட் உதிர்ந்து இழை பறக்கும். வழுக்கும் பழைய ஷீட்டில் ஏறினால் உடைந்து விழும் ஆபத்து தனி. மாற்றுவதானால் தண்ணீர் தெளித்து நனைத்து, ஷீட்டைப் பிடித்திருக்கும் துருப்பிடித்த ஜே போல்ட்டை (கொக்கி போல வளைந்த ஆணி) வெட்டி, ஷீட்டை முழுசாக இறக்குங்கள். வாயில் துண்டு கட்டினால் போதாது. நுண்ணிய இழையையும் தடுக்கும் பி100 அல்லது எஃப்எஃப்பி3 ரக மாஸ்க் வேண்டும். விழுந்த தூளைக் கூட்டாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். உடைந்த சில்லுகளை நடைபாதைக் குழியில் கொட்டி நிரப்பாதீர்கள். மிதிபட மிதிபட அதுவும் தூள்தான்.