பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை, பிள்ளைக்கு இருமல்

மழைக்கப்புறம் பீரோவுக்குப் பின்சுவர் கறுத்துவிட்டது, நாலு வயசு மகள் ராத்திரியில் இருமுகிறாள், பெயிண்ட் அடித்தால் போதுமா என்று கேட்டிருந்தீங்க. போதாதுங்க. சுவரில் ஈரம் இருக்கிறவரை பூஞ்சை பெயிண்டையும் மீறி வரும். எங்க வீட்டில் இரண்டே மாசத்தில் வந்தது, கடைசியில் பார்த்தால் மொட்டைமாடி மழைநீர்க் குழாய் ஒழுகியிருக்கு! முதலில் ஈரம் எங்கிருந்து வருதுன்னு தேடுங்க. அறைக்குள் துணி காயப்போடாதீங்க. பூஞ்சையை உலர்ந்த துணியால் தட்டினால் வித்துகள் பறக்கும். பிள்ளையை வேறு அறைக்கு அனுப்பிட்டு, மாஸ்க் போட்டு, சோப்புத் தண்ணியில் துடையுங்க. பிளீச்சிங்கோடு ஆசிட் மட்டும் கலந்துடாதீங்க, குளோரின் வாயு கிளம்பும். ஈரமான வீட்டுக்கும் ஆஸ்துமாவுக்கும் தொடர்பு உண்டென்று உலக சுகாதார நிறுவனம் 2009லேயே சொல்லியாச்சு. அதனால குழந்தை டாக்டரிடம் காட்டும்போது சுவரையும் போட்டோ எடுத்துட்டுப் போங்க. மூச்சில் விசில் சத்தம் கேட்டால் தள்ளிப்போடாதீங்க.