விரல் துள்ளியதா, அப்பா அசைத்தாரா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. மூளையில் ரத்தக் குழாய் அடைத்து, ஐந்து வாரத்துக்கு முன் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார், கைதான் வரவில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறார், பிசியோதெரபியும் நடக்கிறது. ஊசி குத்தும் அக்குபங்சர் சிகிச்சை செய்தால் மூளை சீக்கிரம் தேறும் என்கிறார்கள். போகலாமா?

பதில்: பிசியோதெரபியை ஒரு நாள்கூட விடமாட்டோம் என்றால் போகலாம். ஊசிக்கு நேரமும் பணமும் ஒதுக்கப் பயிற்சியை வாரம் இரண்டு நாளாகக் குறைத்துக்கொள்வதாக இருந்தால் வேண்டாம்.

அடைப்பில் செத்துப்போன மூளைச் செல்கள் திரும்பி வராது. அவற்றின் வேலையைச் சுற்றியுள்ள செல்கள் கற்றுக்கொள்கின்றன. முதல் 3 மாதத்தில் இது வேகமாக நடக்கும், பிறகும் மெதுவாகத் தொடரும். இந்தக் கற்றலை ஊசி தூண்டுமா என்பதுதான் உங்கள் கேள்வியின் சாரம். எலிகளுக்கு மூளைக் குழாயை அடைத்து, உச்சந்தலைப் புள்ளியில் ஊசி வைத்து லேசான மின்சாரம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நரம்பு வளர்ச்சிக்கு உதவும் பிடிஎன்எஃப் என்ற புரதம் கூடியது. ஆகவே இது வெறும் கதை இல்லை. ஆனால் எலி வேறு, அப்பா வேறு.

மனிதர்களிடம் நடந்த 31 ஆய்வுகளை, 2,257 நோயாளிகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016இல் அலசியது. சில ஆய்வுகளில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் பெரும்பாலானவை தரம் குறைந்தவை, அதனால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்று முடித்தார்கள். அதே ஆண்டு வந்த அமெரிக்க இதயச் சங்க வழிகாட்டுதல், விழுங்கும் சிரமத்துக்குத் துணைச் சிகிச்சையாகப் பரிசீலிக்கலாம் என்றது. கை இயக்கத்துக்குப் பரிந்துரைக்கவில்லை. அப்பாவுக்குத் தண்ணீர் குடித்தால் புரையேறுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. ஏறினால் முதலில் பேச்சு, விழுங்கல் பயிற்சி தருபவரிடம் காட்டுங்கள்.

அக்குபங்சர் செய்யும் இடத்துக்குப் போனதும் நீங்கள் பார்க்கப்போகும் ஒரு காட்சியைச் சொல்லிவிடுகிறேன். முழங்கை மடிப்பிலும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலும் முடி போன்ற ஊசிகளைக் குத்தி, சின்ன கிளிப் மாட்டி மின்சாரம் விடுவார்கள். விரல் டக் டக்கென்று துள்ளும். "அசையுது, அசையுது!" என்று அம்மா அழுதேவிடுவார். துள்ளவைப்பது மின்சாரம்; மூளையிலிருந்து உத்தரவு வந்தாலும் வராவிட்டாலும் தசை அப்படித் துள்ளும். கிளிப்பைக் கழற்றிய பிறகு, "அப்பா, கட்டைவிரலைத் தூக்குங்க" என்று கேளுங்கள். அப்போது ஒரு நூல் அளவு எழுந்தாலும் அதுதான் கணக்கு. சூட்டோடு சூடாக டம்ளரைப் பிடிப்பது, துண்டை மடிப்பது என்று அந்தக் கைக்கே வேலை கொடுங்கள். நல்ல கைக்கு ஓய்வு.

மாத்திரை விஷயத்துக்கு வருவோம். நம் ஊரில் ஊசியே இல்லாமல் தொட்டுப் பார்த்துச் சிகிச்சை தரும் சிலர், "இங்கிலீஷ் மருந்தை நிறுத்தினால்தான் உடம்பு தானே சரிசெய்துகொள்ளும்" என்பார்கள். அப்படிச் சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அந்த மாத்திரைதான் அடுத்த அடைப்பைத் தடுக்கிறது. அதே மாத்திரையால் ஊசி குத்திய இடம் கன்றிப்போகலாம், ரத்தம் கசியலாம். ஆகவே முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது வார்ஃபரின் என்ற மாத்திரை என்றால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையின் கடைசி அளவையும் காட்டுங்கள். உடம்பில் இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி இருந்தால் மின்சாரம் கூடாது. ஊசி ஒவ்வொரு முறையும் புது உறையிலிருந்து உங்கள் கண்முன் பிரிக்கப்பட வேண்டும். வலது கையில் உணர்ச்சி குறைவாக இருந்தால் வலித்தாலும் அவருக்குத் தெரியாது, நீங்கள்தான் தோலைப் பார்க்க வேண்டும்.

ஊசிக்கு ஆறு வாரம் கெடு வையுங்கள். முதல் நாளும் கடைசி நாளும் அவர் டம்ளர் பிடிப்பதை போனில் வீடியோ எடுத்து உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். வித்தியாசம் இல்லையென்றால் அந்தப் பணத்தில் பயிற்சி நேரத்தைக் கூட்டுங்கள்.

இன்னொன்று. ஆட்டோவில் ஏற்றும்போது வலது கையைப் பிடித்தோ அக்குளில் கைகொடுத்தோ தூக்காதீர்கள். தளர்ந்த தோள் மூட்டு எளிதில் நழுவும். இடுப்பில் பிடியுங்கள்.