சென்னையில் எப்போது போனாலும் ஏமாற்றாத சாப்பாட்டுக் கடை எது?

திருவல்லிக்கேணி ரத்னா கபே. அங்கே சாம்பார் இட்லி. அவசரத்தில் படிப்பவர்கள் இத்தோடு கிளம்பிவிடலாம்.

நல்ல ஓட்டல் என்றால் இந்த ஊரில் தெருவுக்கு ஒன்று சொல்லலாம். ஆனால் நீங்கள் கேட்டிருப்பது எப்போது போனாலும் ஏமாற்றாத ஓட்டல். அங்கேதான் பட்டியல் சுருங்கிவிடுகிறது. போன மாதம் நெய்யும் மிளகுமாக மணத்த பொங்கல், இந்த மாதம் கரண்டியை நட்டால் நிற்கிற மாதிரி வருகிறது. மாஸ்டர் மாறியிருப்பார், அல்லது கிளைகள் பெருகி எங்கேயோ ஒரே இடத்தில் சமைத்து வண்டியில் அனுப்ப ஆரம்பித்திருப்பார்கள். இப்படி என் பட்டியலிலிருந்து விழுந்த கடைகள் நிறைய. பெயர் வேண்டாம்.

ரத்னா கபே 1948இல் தொடங்கியது. தொடங்கிய ஜகதீஷ் லால் குப்தா உத்தரப் பிரதேசத்து மதுராவிலிருந்து வந்தவர். மதுரை இல்லை, மதுராவேதான். மெட்ராஸ்காரன் சாம்பாருக்காகத் தேடிப் போகிற கடையை வடக்கத்திக்காரர் ஒருவர் ஆரம்பித்தார் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். யார் சாம்பார் அசல் சாம்பார் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சண்டை போடும்போது இதைச் சொல்லிப் பாருங்கள்.

போய் உட்கார்ந்து சொன்னால் தட்டில் இட்லி வரும், அதன்மேல் சாம்பார். கிண்ணத்தில் ஓரமாக வைக்கிற வேலையெல்லாம் கிடையாது. இட்லி முழுகுகிற அளவுக்கு ஊற்றுவார்கள். கொஞ்சம் வற்றினால் ஜக்கோடு மறுபடி வருவார்கள். முதல் தடவை போகிறவர்கள் "போதும் போதும்" என்று கையை நீட்டித் தடுப்பார்கள். தடுக்காதீர்கள். இட்லியை ஸ்பூனால் நாலாக வெட்டிவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருங்கள். மாவு புளிக்கும்போது உண்டாகும் காற்றுதான் இட்லிக்குள் சின்னச் சின்ன ஓட்டைகளாக நிற்கிறது. இட்லியும் சூடு, சாம்பாரும் சூடு என்றால் அந்த ஓட்டை வழியாக சாம்பார் உள்ளே இறங்கிவிடும். ஆறிப்போன இட்லி இறுகிவிடும், அதன்மேல் எவ்வளவு ஊற்றினாலும் வெளியேதான் நிற்கும்.

அதனால் இதை ஸ்விக்கியிலோ ஜொமேட்டோவிலோ வரவழைக்காதீர்கள். ஒன்றாகக் கட்டினால் வீட்டுக்கு வருவதற்குள் குழைந்துவிடும், தனித்தனியாகக் கட்டினால் இட்லி ஆறிவிடும். நேரில் போகச் சோம்பலாக இருந்தால் அன்றைக்குத் தோசை சாப்பிடுங்கள்.

சரி, ஒரு கடை எப்படி வருஷக்கணக்கில் ஒரே ருசியைக் காப்பாற்றுகிறது? கூட்டம்தான் காரணம் என்பது என் கணிப்பு. வைத்த சாம்பார் அண்டாவில் உட்கார்ந்திருக்க நேரமே இல்லாமல் தீர்ந்துகொண்டே இருந்தால், நமக்கு வருவது எப்போதும் புதுசுதான். காலி மேஜைகளும் நாற்பது பக்க மெனுவும் உள்ள கடையில் சமையற்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இது நடக்காது. புதுக் கடைகளை எடை போட நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: மே மாதம், சாயங்காலம் நாலு மணி, இட்லி. டிசம்பரில் ராத்திரி முழுக்க வைத்தாலும் மெதுவாகப் பொங்குகிற மாவு, கத்திரி வெயிலில் சில மணி நேரத்திலேயே புளித்துவிடும். காலையில் அரைத்ததை நாள் முழுக்க ஓட்டுகிற கடை அந்த நேரத்தில் மாட்டிக்கொள்ளும். அப்போதும் இட்லி புளிக்கவில்லை என்றால் அங்கே யாரோ மாவைக் கவனிக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் கடையை நம்பலாம்.

இதே ரகத்தில் இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். மயிலாப்பூர் அருண்டேல் தெருவில் ராயர் மெஸ். இடம் ரொம்பச் சின்னது, காலையில் வெளியே காத்திருக்க வேண்டும், கெட்டிச் சட்னிக்காகவே காத்திருக்கலாம். தாமதமாகப் போனால் கேட்டது தீர்ந்திருக்கும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. தீர்ந்துபோச்சு என்று சொல்லத் தயங்காத கடையில் நேற்றைய மிச்சத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இன்னொன்று திருவல்லிக்கேணியிலேயே காசி விநாயகா மெஸ். டோக்கன் வாங்கி, கூப்பிடும்வரை நின்று, இலைச் சாப்பாடு. பக்கத்து மேன்ஷன்களில் தங்கி வேலை தேடும் பையன்களுக்கு வீட்டுச் சாப்பாட்டின் இடத்தில் இருப்பது அதுதான். காய்ச்சல் விட்டு நாக்கு செத்துக் கிடக்கும்போது அந்த ரசம் சாதம் கேட்கும்.

ஆனாலும் ஒன்றுதான் என்றால் ரத்னா. அமைதியாக உட்கார்ந்து பேச வேண்டும் என்றால் அங்கே போகாதீர்கள். கூட்ட நேரத்தில் முன்பின் தெரியாதவரோடு மேஜையைப் பகிர வேண்டியிருக்கும், சாப்பிட்டு முடித்தபின் காலாட்டிக்கொண்டு இருந்தால் நிற்பவர்கள் பார்க்கும் பார்வை தாங்காது. கிளைகளும் இருக்கின்றன, நான் சொல்வது திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் இருக்கும் பழைய கடையை. காரில் போவது வீண் வேலை, நிறுத்த இடம் தேடியே பசி போய்விடும். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடுங்கள். சேப்பாக்கத்தில் மேட்ச் இருக்கும் நாளில் அந்தப் பக்கமே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் சாப்பிட்டுவிட்டு அப்படியே பாரதி சாலை பிளாட்பாரத்தில் பழைய புத்தகம் பார்க்கலாம். அதற்கு முன்னால் காபி ஒன்று, டபராவில் நன்றாக ஆற்றிக் குடியுங்கள்.