22 பேரில் ஒருவர்

கடிதம்:

ஐயா, இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க!

என் தம்பிக்கு அடுத்த மாதம் குருப்பட்டம். மறுநாள் எங்கள் ஊரில் நன்றித் திருப்பலி. அதன் முடிவில் அவன் பேச வேண்டிய நன்றியுரையை என்னை எழுதித் தரச் சொல்லியிருக்கிறான். குருமடத்தில் மெய்யியல் முதலாண்டில் இரண்டு பாடங்களில் தோற்றான். வீட்டுக்குப் போய்விடுவது நல்லது என்று அங்கேயே ஒருவர் சொன்னார். அப்பாவை அடக்கம் செய்த மூன்றாம் நாள் திரும்பிப் போய்த் தேர்வு எழுதினான். அவனோடு குருமடத்தில் சேர்ந்த 22 பேரில் கடைசிவரை நிலைத்து நின்றவன் அவன் ஒருவன்தான். படிப்பு ஏறாத புனித ஜான் மரிய வியான்னி விடாமுயற்சியால் வென்றதைப் போல இவனும் வென்றிருக்கிறான் என்று தொடங்கலாமா? விடாமுயற்சி பற்றி நல்ல மேற்கோள்கள் இருந்தால் தாருங்கள். உறவினர்கள் பெரிய பேனர் வைக்கப் போகிறார்கள், அது சரியா? வருகிறவர்கள் கொடுக்கும் அன்பளிப்பை வாங்கலாமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பிக்கு என் வாழ்த்தும் செபமும். தகப்பனைப் புதைத்த ஈரம் காயும் முன் தேர்வுக்கூடத்தில் போய் உட்கார்ந்த பிள்ளையையும், அவரைப் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு வீட்டில் தனியே இருந்த உங்கள் அம்மாவையும் நினைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பேனர் வைக்கிறவர்கள் வைக்கட்டும், பாதையை மறிக்காமல் இருந்தால் போதும். அன்பளிப்பைப் பற்றி உங்கள் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். மேற்கோள்கள் தரமாட்டேன். குருப்பட்டம் வாங்கிய பிள்ளை முதன்முதலாகத் தன் ஊரின் முன்னால் நின்று பேசும்போது இன்னொருவர் சொல்லை இரவல் வாங்கிப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை.

நான் உடனே எழுத உட்கார்ந்தது வியான்னிக்காக. கொஞ்ச காலமாகவே அவரைப் பற்றி, சரியாகச் சொன்னால் அவருக்குப் பின்னால் நின்ற ஒருவரைப் பற்றி, யோசித்துக்கொண்டிருக்கிறேன். பங்குத்தந்தையரின் பாதுகாவலரான அவருடைய திருநாள், ஆகஸ்டு 4 வந்தால் நம் பங்குகளில் பங்குத்தந்தைக்குச் சால்வை போர்த்துகிறோம், வியான்னியைப் பற்றி மறையுரை கேட்கிறோம். மந்தமான பையன், இலத்தீன் வரவில்லை, தோற்றார், மீண்டும் முயன்றார், புனிதரானார். சார்ல் பல்லே என்ற பெயரை இத்தனை ஆண்டுகளில் ஒரு மறையுரையிலும் நான் கேட்டதில்லை.

பல்லே, பிரான்சில் லியோன் நகரை ஒட்டிய எக்குல்லியின் பங்குத்தந்தை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் ஒளிந்து திரிந்து மக்களுக்குத் திருப்பலி நிறைவேற்றிய குருக்களில் ஒருவர். பிடிபட்டிருந்தால் உயிர் போயிருக்கும். வியான்னி 1799-இல் முதல் நற்கருணையாகிய புதுநன்மை வாங்கியதும் அதே எக்குல்லியில் ஒரு வீட்டுக்குள் ஒளித்துத்தான். மெழுகுதிரி வெளிச்சம் தெருவுக்குத் தெரியாதபடி புல்வண்டிகளைச் சன்னல்களுக்கு எதிரே நிறுத்திவைத்திருந்தார்கள். அந்த உழவர் வீட்டுப் பிள்ளை சாமியாருக்குப் படிக்க வேண்டும் என்று பல்லேயிடம் வந்தபோது வயது 20. பள்ளிப்படிப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. உடன் படித்தவர்கள் சிறுவர்கள். அவர்களில் மத்தியாஸ் லோராஸ் என்ற பையன், இவருடைய மந்தத்தைப் பொறுக்க முடியாமல் ஒருநாள் கைநீட்டி அடித்தேவிட்டான். மூத்தவரான வியான்னி அவன் முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். அந்தப் பையன் பின்னாளில் அமெரிக்காவில் டுபியூக் மறைமாவட்டத்தின் முதல் ஆயரானார்.

நடுவில் நெப்போலியனின் படைக்கு ஆள் எடுத்தார்கள். வியான்னி படையோடு போய்ச் சேராமல் ஒரு மலைக் கிராமத்தில் மறைந்திருந்து 1811-இல்தான் வீடு திரும்பினார். அதே ஆண்டில் தாய் இறந்துபோனார். பல்லே அவரைத் தன்னோடு வைத்துக்கொண்டு பாடத்தை மீண்டும் தொடங்கினார். 1813-இல் வியான்னி லியோன் குருமடத்தில் சேர்ந்தார். அங்கே வகுப்பும் இலத்தீன், கேள்வியும் இலத்தீன். கேள்வியே புரியாதவர் எதைப் பதிலாகச் சொல்வார்? சில மாதங்களில் அனுப்பிவிட்டார்கள்.

நம் மறையுரைகள் இந்த இடத்தில் 'ஆனாலும் அவர் மனம் தளரவில்லை' என்று தாவிவிடுகின்றன. தளர்ந்தார், சகோதரி. நன்றாகவே தளர்ந்தார். குருவாகும் அளவுக்கு இலத்தீன் தனக்கு வராது, துறவற சபை ஒன்றில் சகோதரராகச் சேர்ந்துவிடுகிறேன் என்று லியோனிலிருந்த நண்பர் ஒருவரிடம் போய்ச் சொல்லிவிட்டார். அந்த முடிவை மாற்றச் சொன்னவர் பல்லே. எக்குல்லியில் உட்காரவைத்து இறையியலைப் பிரெஞ்சு மொழியிலேயே சொல்லிக்கொடுத்தார். அடுத்த தேர்விலும் வியான்னி திக்குமுக்காடியபோது, பல்லே மேலிடத்தில் மன்றாடித் தேர்வாளரைத் தன் வீட்டுக்கே வரவழைத்தார். பழகிய அறையில், தாய்மொழியில் கேட்டதும் வியான்னி தெளிவாகப் பதில் சொன்னார். 1815 ஆகஸ்டு 13-ஆம் தேதி கிரெனோபிளில் குருப்பட்டம். அங்கே அவர் நடந்தே போனார். உறவினர் ஒருவரும் உடன் இல்லை.

முதல் பணியிடம் எக்குல்லி, பல்லேக்கு உதவியாக. பாவசங்கீர்த்தனம் கேட்கும் அதிகாரத்தை மட்டும் சில மாதங்களுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். அது வந்ததும் அவர் முன்னால் முதலாவதாக வந்து மண்டியிட்டவர் பல்லே. யோசித்துப் பாருங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறிய நாளிலிருந்து தான் பார்த்துவந்த பையனிடம் தன் பாவங்களைச் சொல்லி மன்னிப்பு வாங்கிய பிறகே அந்தக் கிழவருக்குத் தன் வேலை முடிந்தது. 1817 டிசம்பரில் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு வியான்னி ஆர்ஸுக்குப் போனார். சுமார் 230 பேர் வாழ்ந்த ஊர் அது. பின்னாளில் பிரான்சின் எல்லா மூலைகளிலிருந்தும் அவரைத் தேடி மக்கள் வந்தார்கள். நாளுக்கு 16 மணி நேரம்கூடப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்திருக்கிறார். தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாத அந்த மனிதர் பல்லேயின் சிறிய முகக்கண்ணாடி ஒன்றை மட்டும் விடவில்லை. பல்லேயின் முகம் தெரிந்த கண்ணாடி என்பதுதான் காரணம்.

வியான்னியின் பெயரை இழுக்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லட்டும் என்பதே என் வாதம். தோற்றவர் வியான்னி. கைவிட மறுத்தவர் பல்லே. இரண்டு பேர் உழைப்பை ஒருவர் கணக்கில் எழுதி அதற்கு விடாமுயற்சி என்று பெயர் வைத்துவிட்டு, கடைசியில் இரண்டு நிமிடம் நன்றி சொல்கிறோம்.

அமெரிக்காவில் அகஸ்டஸ் டால்டன் என்று ஒருவர். 1854-இல் மிசௌரியில் அடிமையாகப் பிறந்தவர். 1862-இல் தாய், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மிசிசிப்பி ஆற்றைக் கடந்து இல்லினாய் மாநிலத்தின் குவின்சி நகருக்குத் தப்பி வந்தார். சிறுவன் புகையிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தான். பீட்டர் மெக்கிர் என்ற பங்குத்தந்தை, வெள்ளைக்கார மக்களின் எதிர்ப்பைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அவனைப் பங்குப் பள்ளியில் சேர்த்தார். கறுப்பர் என்பதற்காக அமெரிக்கக் குருமடம் ஒன்றுகூட டால்டனை ஏற்கவில்லை. குருக்கள் சிலர் தனியாகப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள், உரோமைக்கு எழுதினார்கள், 1880-இல் கப்பலேற்றினார்கள். 1886 ஏப்ரல் 24-ஆம் தேதி உரோமையில் குருவானார். ஆப்பிரிக்காவுக்கு அனுப்புவார்கள் என்று எதிர்பார்த்தவரை, ஏற்க மறுத்த அதே நாட்டுக்கே உரோமை திருப்பி அனுப்பியது. 1897 ஜூலையில் சிகாகோவின் கொடும் வெயிலில் சரிந்து விழுந்து, 43 வயதில் இறந்தார். திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளம் கோயிலில் சாதியைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. அந்த மண்ணில் பிறந்த நமக்கு டால்டனின் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. நம்மிடையேயும் மூடிய கதவுக்கு வெளியே நின்ற பையனை, யாராவது ஒரு சாமியார் பிடிவாதமாகக் கைபிடித்து உள்ளே அழைத்துப் போனதால்தான் பல பங்குகளுக்கு இன்று பங்குத்தந்தை கிடைத்திருக்கிறார்.

இனி உங்கள் மேல் எனக்குள்ள கோபம். '22 பேரில் நிலைத்து நின்றவன் அவன் ஒருவன்தான்' என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற 21 பேர் என்ன செய்தார்கள்? விழுந்துவிட்டார்களா? உங்களுக்குத் தெரியுமா? குருமடம் என்பது ஓட்டப்பந்தயம் இல்லை, கடைசியில் நிற்பவருக்குக் கோப்பை கொடுப்பதற்கு. இறைவன் தன்னிடம் எதைக் கேட்கிறார் என்று ஓர் இளைஞன் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து கேட்டுப் பார்க்கிற இடம் அது. இல்வாழ்க்கைதான் தன் வழி என்று தெளிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறவனும் அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னவன்தான். தனக்கு இல்லாத அழைத்தலை ஊருக்குப் பயந்து பிடித்துக்கொண்டு தொங்குகிறவனைவிட அவனுக்கே துணிச்சல் அதிகம்.

என் பெரியண்ணன் இறையியல் இரண்டாம் ஆண்டில் வெளியே வந்தார். ஆன்ம குருவோடு நீண்ட காலம் பேசி, செபித்து எடுத்த முடிவு. ஊருக்கு அது தேவைப்படவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கிய அன்றே 'சாமியாருக்குப் படித்து ஓடிவந்தவன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதுவரை பூசை முடிந்ததும் அம்மாவைச் சுற்றி நின்று 'பிரதர் எப்படி இருக்கிறார்' என்று கேட்ட பெண்கள் ஒதுங்கிப் போனார்கள். அம்மா கடைசி ஆசீர் வாங்கியதும் யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிடுவார். பெண் பார்க்கப் போன இடத்திலும் பையன் அங்கே என்ன தப்பு செய்தான் என்றே கேட்டார்கள்.

அண்ணன் பிறகு ஆசிரியரானார். ஞாயிறுதோறும் மறைக்கல்வி எடுத்தார். பத்தாம் வகுப்பில் தோற்ற பையன்களைச் சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துப் பாடம் சொன்னார். அவர்களில் ஒருவனைத் தேறவைத்து, இளங்குருமடத்தில் சேர்த்து, விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து, அவனுக்குச் சோர்வு வந்தபோது போய்ப் பார்த்துப் பேசிவிட்டும் வந்தார். அந்தப் பையன் குருவானான். நன்றித் திருப்பலியில் ஆயர், அதிபர், பேராசிரியர்கள், பங்குப் பேரவை, பந்தல் போட்டவர், ஒலிபெருக்கி வைத்தவர் எல்லாருக்கும் நன்றி சொன்னான். தன் விடாமுயற்சியைப் பற்றி நீளமாகப் பேசினான். அண்ணன் பெயர் வரவில்லை. குருமடத்தை விட்டு வந்தவர் பெயரை அந்த மேடையில் சொல்லக் கூச்சப்பட்டிருப்பான். அண்ணன் எல்லாரோடும் சேர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார். எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

குருப்பட்டச் சடங்கின் தொடக்கத்தைக் கவனித்திருக்கிறீர்களா? உங்கள் தம்பி தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசப் போவதில்லை. பெயர் சொல்லி வேறொருவர் அழைப்பார். இவர் தகுதியுள்ளவர் என்று அறிவீரா என்று ஆயர் கேட்பார். இறைமக்களிடம் விசாரித்து அறிந்ததையும், பயிற்சி கொடுத்தவர்களின் பரிந்துரையையும் முன்வைத்து இன்னொருவர்தான் சான்று சொல்வார். இவரைத் தேர்ந்துகொள்கிறோம் என்று ஆயர் அறிவித்ததும் கோயில் முழுவதும் இறைவனுக்கு நன்றி என்று பதில் சொல்லும். நன்றியுரையைத் திருச்சபை அங்கேயே, மக்கள் வாயால் தொடங்கிவிடுகிறது. மறுநாள் ஒலிவாங்கியைப் பிடித்து 'நான் விழுந்தேன், எழுந்தேன், வென்றேன்' என்று பேசினால் முந்தைய நாள் நடந்தது அவர் காதில் விழவில்லை என்றே எடுத்துக்கொள்வேன்.

ஆகவே நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டாம். தம்பியே எழுதட்டும். ஒன்றை மட்டும் இன்றைக்கே தொலைபேசியில் கேளுங்கள். மெய்யியலில் இரண்டு பாடங்களில் தோற்றாரே, மறுதேர்வுக்கு அவரைத் தயார் செய்தது யார்? குருமடங்களில் அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் பேராசிரியர் இல்லை. பக்கத்துக் கட்டிலில் படுக்கும் இன்னொரு பிரதர், தன் படிப்பை விட்டுவிட்டு, விளையாட்டு நேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். அப்பா இறந்த செய்தி வந்த இரவில் பெட்டி கட்டிக்கொடுத்து வாசல்வரை வந்தவரும் அநேகமாக அவராகவே இருப்பார். அவர் அந்த 21 பேரில் ஒருவரா என்று கேளுங்கள். ஆம் என்றால், அழைப்பிதழை எடுத்துக்கொண்டு தம்பி நேரில் போகட்டும். தபாலில் வேண்டாம், வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம். அவர் எந்த ஊரில் என்ன வேலை செய்துகொண்டிருந்தாலும் தேடிப் போவதற்கு ஒரு மாதம் போதும்.